எழுபது வளைவும் எழுநூற்று முப்பது நாளும்

அரசு வேலை கிடைத்து, முதல் பணியிடம் கொல்லிமலைச் சோளக்காடு என்று ஆணையில் படித்த கணத்திலிருந்து ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ அறிவுரைப் பஞ்சமே இருக்காது. திறமையைக் காட்டு என்பார் சித்தப்பா. காட்டிவிடாதே, எல்லா வேலையும் உன் தலையில் விழும் என்பார் ஏற்கெனவே வேலையில் இருக்கும் மாமா. அதிகாரி கண்ணில் படு என்பது ஒரு கட்சி, படாதே என்பது இன்னொரு கட்சி. ‘புரபேஷன் டிக்ளேர்’ ஆகும்வரை மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடவேண்டும் என்பதில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் கூட்டணி. என் அறிவுரை இரண்டே சொல்: மலையில் இரு. புரபேஷனுக்குத் தமிழில் வைத்த தகுதிகாண் பருவம் என்ற பெயரில் தகுதி இருக்கிறதே தவிர, அதை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கச் சொன்னது நாட்களைத்தான்.

நம்ப முடியாதவர்கள் சட்டத்தைப் புரட்டலாம். தமிழ்நாட்டு அரசுப் பணியில் பெரும்பாலான நேரடி நியமனங்களுக்கு, தொடர்ச்சியான மூன்றாண்டுக்குள் இரண்டாண்டு பணியில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அறிவு எத்தனை கிலோ, பணிவு எத்தனை லிட்டர் என்று எங்கும் கேட்கவில்லை. தற்செயல் விடுப்பு பணிக்காலத்தில் சேரும். மருத்துவ விடுப்பில் படுத்தால் படுத்த நாட்கள் அப்படியே பின்னால் தள்ளிப்போகும். தனியார் தொழிற்சாலைக்கு வாருங்கள்: 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்கச் சொல்கிறது. அங்கும் நாள் கணக்குத்தான். நீதிமன்றத்தில் ‘புரபேஷன்’ என்ற அதே ஆங்கிலச் சொல்லுக்கு வேறு பொருள். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் பிணைமுறி எழுதி வாங்கி வெளியே விடும்போது, அந்தக் காலம் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது. குற்றவாளிக்கும் மூன்றாண்டு, இளநிலை உதவியாளருக்கும் மூன்றாண்டு. குற்றவாளிக்கு மார்ச் மாத இலக்கு கிடையாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இருப்பதுதானே, அதில் என்ன கஷ்டம் என்று சமவெளியில் உட்கார்ந்து கேட்கலாம். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. வாடகை வீடு நாமக்கல்லில், வேலை சோளக்காட்டில் என்று வைத்துக்கொண்டால் போக வர ஒரு நாளைக்கு 140. ஆண்டுக்கு 250 வேலைநாள் என்று போட்டாலும் இரண்டாண்டில் 70,000 வளைவு. முதல் மாதம் எலுமிச்சம்பழத்தோடு தினமும் ஏறுவார்கள். மூன்றாம் மாதம் திங்கள் ஏறி வெள்ளி இறங்குவார்கள். ஆறாம் மாதம் செவ்வாய் ஏறி வியாழன் இறங்குவார்கள். வருகைப் பதிவேடு மட்டும் திங்கள் முதல் வெள்ளிவரை நிறைந்திருக்கும். ஐந்து கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதாக இருக்கும். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தை வீழ்த்தியதாகச் சங்கப் பாட்டு சொல்கிறது. அது ஓரி. ஒரே பேனாவில் ஐந்து நாளை வீழ்த்துகிறவருக்கு, ஓரிக்கு வைத்ததுபோலச் செம்மேட்டில் சிலை வைக்கமாட்டார்கள். விளக்கம் கேட்டுக் குறிப்பாணைதான் வைப்பார்கள்.

வெறுமனே வந்து உட்கார்ந்திருப்பது தகுதியாகிவிடுமா, நாற்காலிக்கும் அப்படியானால் பணி நிரந்தரம் தரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பது முக்கியம். நகரத்தில் ஒரு மேசை காலியாக இருந்தால் பக்கத்து மேசை இருக்கிறது. மலையில் பல அலுவலகங்களுக்கு மேசையே ஒன்றுதான். உள்ளடங்கிய ஒரு சிற்றூரிலிருந்து கையொப்பம் ஒன்றுக்காகப் புறப்படுகிறவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார். மழைக்கு நனையாமல் ஜவுளிக்கடைப் பையில் சுற்றிய காகிதங்களைப் பிரித்துத் தலை நிமிர்ந்தால், நாற்காலியில் துண்டு மட்டும் உட்கார்ந்திருக்கிறது. “சார் ஃபீல்டுக்குப் போயிருக்காரு” என்ற பதிலோடு திரும்பிப் போகிறார். நாளைக்கும் கூலி போகும். திறமை குறைந்தவர் அந்த நாற்காலியில் இருந்தால் அவர் வேலை தாமதமாக முடியும். மகா திறமைசாலி அடிவாரத்தில் இருந்தால் முடியவே முடியாது. ஆகவே மலையில் இருப்பது தகுதியின் முன்னுரை இல்லை, முக்கால் பாகம். மீதிக் கால் பாகத்தை இருக்க இருக்கக் கற்றுக்கொள்ளலாம்.

நாள் முழுக்க இருந்தாலும் அதிகாரிக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்பது அடுத்த பயம். இதற்குக் கொல்லிப்பாவையை நினைத்துக்கொள்ளுங்கள். சிரித்தே உயிர் வாங்கும் பாவை என்பது மலையின் பழங்கதை. சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. 1957-இல் பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, தகுதிகாண் பருவத்தினரைக் களங்கம் எதுவும் கற்பிக்காமல், பொருத்தமில்லை என்று மட்டும் சொல்லி விடுவித்தால் அது தண்டனை ஆகாது, விசாரணையும் வேண்டியதில்லை. முறைகேடு செய்தார் என்று பழி சுமத்தி அனுப்பினால் அது தண்டனை. அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு குறுக்கே வந்து நிற்கும். 1974-இல் சம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள், ஆணையின் இனிப்பான சொற்களை விலக்கி உள்ளே இருப்பது தண்டனையா என்று பார்க்கலாம் என்றார்கள். வழக்குத் தொடுத்தவர்களே பஞ்சாபில் தகுதிகாண் பருவத்தில் இருந்த நீதிபதிகள்தாம்! எனவே எழுத்தில் திட்டுகிற அதிகாரியிடம் அதிகம் பயப்படாதீர்கள்; அவர் உங்களுக்கு ஆதாரம் சேர்த்துக் கொடுக்கிறார். ‘நல்லாப் பண்றீங்க தம்பி’ என்று சிரித்துக்கொண்டே ஒன்றும் எழுதாதவரிடம்தான் கவனம் வேண்டும். அவருக்கு எதிராக உங்கள் கையில் நிற்கக்கூடிய சாட்சி, அன்றன்றைக்கு அன்றன்றைய மையில் போட்ட கையெழுத்து.

இருந்தால் மட்டும் போதாது, காகிதமும் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. பணிவரன்முறை ஆணை, பணிப்பதிவேட்டில் பதிவு, கல்விச் சான்றின் உண்மைத்தன்மை, பதவிக்குரிய பயிற்சி எல்லாம் சேர்ந்தால்தான் கருத்துரு நகரும். நீங்கள் மலையேறி இரண்டாண்டு தவம் முடித்திருப்பீர்கள். நீங்கள் படித்தது உண்மைதான் என்று சொல்லப் பல்கலைக்கழகம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும். அதனால் உண்மைத்தன்மை கேட்கும் கடிதத்தை, பணியில் சேர்ந்த மாதமே அனுப்பச் சொல்லிப் பின்தொடருங்கள். துறைத் தேர்வு தேவைப்படும் பதவிகளுக்குத் தேர்வாணையம் மே, டிசம்பர் என்று ஆண்டுக்கு இருமுறை வாய்ப்பு தருகிறது. படிக்க நேரமில்லை என்ற சாக்கு சோளக்காட்டில் செல்லாது. பொழுது சாய்ந்தால் பனி இறங்கும், கடை அடைக்கும், பேச்சுத் துணைக்குக் கணக்குத் தேர்வுப் புத்தகம்தான் மிஞ்சும்.

இரண்டு மூன்றாண்டு நீளமில்லையா என்று கடைசியாகக் கேட்கலாம். அலுவலகத்துக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக்கொடியைப் பாருங்கள். நட்ட மூன்றாம் நான்காம் ஆண்டில்தான் காய்க்கும். அதுவரை அது செய்வது ஒரே வேலை: கணுவுக்குக் கணு வேர்விட்டு மரத்தைப் பற்றிக்கொள்வது. காய்க்கவில்லையே என்று முதலாண்டில் அதற்கு யாரும் குறிப்பாணை கொடுப்பதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் மரத்தை விட்டு இறங்கித் திங்கட்கிழமை ஏறிக்கொள்ளும் மிளகுக்கொடியை இந்த மலையில் எந்த விவசாயியும் பார்த்ததில்லை.