கைபேசி பாடினால் போதுமா?

கேள்வி: காலையில் கைபேசியில் கந்த சஷ்டி கவசத்தை ஓடவிட்டுச் சமைக்கிறேன். இது பாராயணத்தில் சேருமா?
– வாசகி, ஆவடி

பதில்: கேட்ட பலன் உண்டு, சொன்ன பலன் கைபேசிக்கு! சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட சின்னப் புத்தகத்தை மடியில் விரித்து, உதடு மட்டும் அசையச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள் வேலைக்குப் போகும் பெண்கள். அது பாராயணம். அம்பத்தூருக்குள் பாதிதான் முடிந்ததா? மீதியைத் திரும்பும்போது சொல்லுங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

கேள்வி: ஒற்றை அறையில் மூன்று பேர் தங்கியிருக்கிறோம். பூஜைக்கு இடம் எங்கே?
– வாசகர், பெங்களூரு

பதில்: திருநின்றவூர் பூசலாருக்கும் இதே பிரச்சினைதான். கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனத்துக்குள்ளேயே கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னர் தம் கற்றளியின் குடமுழுக்குக்குக் குறித்திருந்த நாளும் பூசலார் குறித்த நாளும் ஒன்றாகிவிட்டது. இறைவன் மன்னர் கனவில் வந்து, நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னார் என்கிறது பெரியபுராணம். இதைச் சொல்லிவிட்டு, 'எல்லாம் மனசுதான்' என்று சும்மா இருப்பவர்கள் அதிகம். பூசலார் சும்மா இருக்கவில்லை. நாள் பார்த்து அடித்தளம் போட்டு, விமானம் எழுப்பி, கிணறு, மதில், குளம் வரை ஒன்றுவிடாமல் இரவும் பகலும் கட்டினார். அலமாரியில் ஒரு தட்டு போதும் உங்களுக்கு. தினமும் ஐந்து நிமிடம் அதன் முன்னால் உட்காருங்கள்.

கேள்வி: வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டலாமா?
– வாசகி, கோவை

பதில்: எறும்பு ஸ்டிக்கர் சாப்பிடுமானால் ஒட்டலாம். நாலு புள்ளி வைத்து அரிசி மாவில் இழுங்கள், இரண்டு நிமிட வேலை.

கேள்வி: நேரலையில் தரிசனம் பார்த்தால் புண்ணியம் உண்டா?
– வாசகர், டொராண்டோ

பதில்: உங்களுக்கு உண்டு. மாடவீதியில் குடியிருந்துகொண்டு நேரலை பார்ப்பவருக்குக் கிடையாது.

கேள்வி: எங்கள் தெருக் கோயிலில் மின்சார மேளம் வைத்துவிட்டார்கள். காலத்துக்கேற்ற மாற்றம்தானே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. சுவிட்சைத் தட்டினால் காலைக்கும் மாலைக்கும், திருவிழாவுக்கும் சாதாரண நாளுக்கும் ஒரே டமடம. மல்லாரி கேட்டால் சாமி புறப்பட்டாயிற்று என்று தெருக்கோடியில் இருப்பவருக்கும் தெரியும். அந்த இயந்திரத்துக்கு மல்லாரி தெரியுமா? உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு கிடைத்து என்ன, வாசிக்கக் கூப்பிட ஆள் வேண்டாமா? சின்னக் கோயில்களுக்குத் தினமும் மேளம் வைக்க வருமானம் இல்லை, அது நிஜம். பிரதோஷத்துக்கும் திருவிழாவுக்குமாவது தெருக்காரர்கள் பணம் போட்டு நாகஸ்வரமும் தவிலும் வையுங்கள். மற்ற நாட்களில் மணிக்கயிற்றைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். நான் நீ என்று சண்டை போட்டுக்கொண்டு அடிப்பார்கள். நாளைக்கு அந்தக் கோயிலுக்கு வரப்போகிறவர்களும் அவர்கள்தான்.

கேள்வி: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஏகாதசிப் பட்டினியை விட மனமில்லை.
– வாசகர், திருச்சி

பதில்: டாக்டர் கூடாது என்றால் விட்டுவிடுங்கள் ஐயா. வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரையும் போடுங்கள். விரதத்துக்குப் பதிலாக, உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடச் சொல்லுங்கள். நம் பாட்டிமார் செய்த பிடியரிசிதான். பானை நிறைந்ததும் பசித்தவருக்குக் கொடுங்கள். யாருக்கு என்று தெரியாவிட்டால் வடலூருக்கு அனுப்புங்கள். 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது, அதற்குத் தினமும் அரிசி வேண்டும்.