பொக்லைன் பெரியப்பா

ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள் என்று ஊரே புலம்பிக்கொண்டிருக்கும்போது, தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில் ஒருவர் மட்டும் நிம்மதியாக நின்றுகொண்டிருப்பார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். வெயில் என்றால் தலையில் துண்டு. மழை என்றால் அக்குளில் குடை. விரிக்க மாட்டார், விரித்தால் மெஷினை மறைத்துவிடும். கான்ட்ராக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை, கவுன்சிலருக்கு வேண்டியவரும் இல்லை. ஆனாலும் பள்ளத்தில் இறங்குகிற மேஸ்திரி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அந்த நிற்பில் அப்படி ஓர் அதிகாரம்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் என் சொந்தப் பெரியப்பா. கருவூலத்தில் 34 வருடம் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். ஓய்வுபெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்கு, எங்கள் முக்கில் கேபிள் புதைக்க ஒரு மெஷின் வந்து நின்றது. அன்று போய் நின்றவர்தான். இன்னும் வீட்டுக்கு முழுசாகத் திரும்பி வரவில்லை என்பாள் பெரியம்மா.

கையில் வேலை தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் காலண்டரைப் பெஞ்சின் மேல் வைத்துக்கொள்ளலாமே என்பார். குழாய் சொட்டினால் வாஷர் மாற்றத் தெரியாது. சொட்டுகிற இடத்தில் பக்கெட் வைப்பார். அந்தப் பக்கெட்டுக்கும், அவர் வாயில் நாள் முழுக்கப் புழங்குகிற பக்கெட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

அவரிடம் பேச்சுக் கொடுக்கிறவர்கள் முதலில் பெயர்த் தகராறு ஒன்றைத் தாண்டியாக வேண்டும். மஞ்சள் நிறமும் தும்பிக்கையும் இருந்தால் நமக்கு எல்லாமே ஜேசிபி. பத்திரிகைகளுக்கு எல்லாமே பொக்லைன். பெரியப்பா காலைப் பேப்பரைச் சிவப்பு மையோடு உட்கார்ந்துதான் படிப்பார். 'பொக்லைன் இயந்திரம் மூலம் அகற்றப்பட்டது' என்று வந்தால், கருவூலத்தில் தப்பான பில்லைத் திருப்பி அனுப்புகிற அதே கோபத்தோடு ஒரு கோடு.

"நாலு டயரு, முன்னால மொறமாட்டம் அள்ளுறது, பின்னால தோண்டுற கை. அது பேக்ஹோ லோடர் கண்ணு. செயின்ல நகர்ந்து, இடுப்புக்கு மேல சுத்துச்சுன்னா எக்ஸ்கவேட்டர். ரெண்டையும் ஒண்ணுங்கிறவன் ஆட்டையும் மாட்டையும் ஒண்ணும்பான்."

ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்கிற ஒரு மனிதர் என்பதை எனக்குச் சொன்னவர் அவர்தான். 1945-ல் இங்கிலாந்தில் ஒரு வாடகை ஷெட்டில் டிரெய்லர் செய்து ஆரம்பித்தவராம். "அவருக்குப் பையன் பொறந்த அன்னிக்கே கம்பெனியையும் ஆரம்பிச்சாருடா" என்பார், தானே போய்த் தொட்டிலுக்கும் ஷெட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்ததுபோல. சொந்தப் பேரன் பிறந்த தேதி கேட்டால் பெரியம்மாவைப் பார்ப்பார்.

பொக்லைன் கதை இன்னும் வேடிக்கை. அது பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி. அந்தப் பெயரில் எல் அண்ட் டி இங்கே எக்ஸ்கவேட்டர் செய்து விற்ற காலத்தில் பெயர் நம் வாயில் ஒட்டிக்கொண்டது. பிரான்ஸ்காரர்கள் எக்ஸ்கவேட்டர் செய்வதையே விட்டுவிட்டு, அதற்குள்ளே இருக்கிற ஹைட்ராலிக் சாமான்களோடு நிறுத்திக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் இன்றைக்கும் தினம் ஒரு பொக்லைன் வந்து ஆக்கிரமிப்பை அகற்றிக்கொண்டிருக்கிறது. பொக்லைனைப் பொக்லைன் என்று சொல்லாதீர்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லியே, கடைசியில் அந்தப் பெயர் இவருக்கு வந்து சேர்ந்தது.

இந்த வகையினருக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. சாப்பாட்டு இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தலையைச் சாய்ப்பார். "பிரேக்கர் மாட்டிட்டான். பாறை வந்துருச்சு." கை கழுவுகிற சத்தம் நமக்குக் கேட்பதற்குள் அவர் தெருமுனையில் இருப்பார். மோர் சாதம் மாலை ஐந்து மணிக்கு.

லாரி என்றால் சக்கரக் கணக்கு. நாம் லாரியின் முகத்தைப் பார்ப்போம், முதுகில் எழுதிய வாசகத்தைப் படிப்போம். இவர் குனிந்து இடுப்புக்குக் கீழே பார்ப்பார். ஆறு சக்கரம், பத்துச் சக்கரம், பன்னிரண்டு, பதினாலு, பதினாறு. பெரிய டிப்பரையெல்லாம் நாம் டாரஸ் என்கிறோமே, அது அசோக் லேலண்டு ஒரு வண்டிக்கு வைத்த பெயர் என்று அதற்கும் ஒரு கோடு போடுவார். காலியாகப் போகிற லாரி ஒரு ஜோடிச் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு போகும் பாருங்கள், அதில் அவருக்குத் தனிப் பிரியம். "வேலை இல்லாதப்ப காலைத் தூக்கி வெச்சுக்குது பாரு. எங்க ஆபீஸ்ல பாதிப்பேரு அப்படித்தான்."

2018 கடைசியில் வந்தவாசிப் பக்கம் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருவுக்கு ஒரே கல்லில் ஒரு விஷ்ணு சிலை கிளம்பியது நினைவிருக்கும். 240 சக்கர டிரெய்லர். சந்து பொந்தெல்லாம் கடந்து, ஆற்றுக்குத் தற்காலிகப் பாதை போட்டு, போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனது. வழியில் சில இடங்களில் வீடு, கடைகளின் முன்பக்கத்தை இடித்துத்தான் வழிவிட முடிந்தது. பெரியப்பா பஸ் மாறிப் பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போன மனிதருக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதே என்று பெரியம்மா கையில் துளசி மாலை கொடுத்து அனுப்பியிருந்தாள். கூட்டம் மொத்தமும் பெருமாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க, இவர் முட்டி போட்டுச் சக்கரம் எண்ணியிருக்கிறார். மூன்றாவது தடவை 238 வந்ததால் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கோலத்தைப் பார்த்து யாரோ அங்கப்பிரதட்சிணத்துக்கு இடம் விட்டார்களாம். மாலை டிரெய்லரின் ஏதோ ஒரு கொக்கியில் தொங்கியிருக்கிறது.

"வீட்டை இடிச்சு வழிவிட்டானுங்க பாரு, அவனுங்க புண்ணியவானுங்க" என்று ஊர் வந்ததும் சொன்னார். பெரியம்மா அதைப் பெருமாள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டாள்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தால் இரவு முழுக்கத் திருவிழா. எதிர்வீட்டுக்காரர் போர் போட்ட இரவு நானும் கூட இருந்தேன். கம்ப்ரஸர் வண்டி ஒரு பக்கம் உறும, ரிக்கின் அடியிலிருந்து புகையாகக் கல்மாவு எழும்பித் தெருவில் இருந்த அத்தனை பேரையும் விபூதிப் பண்டாரம் ஆக்கியது. வீட்டுக்காரர் ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு சாமியை மாற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா ராடு எண்ணினார். ஒரு ராடு 20 அடி. நாற்பதாவது ராடு இறங்கியும் மாவுதான் வந்ததே தவிர ஈரம் வரவில்லை. எண்ணூறு அடி. வீட்டுக்காரர் தலையில் கைவைத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். தெருவே என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றது. பெரியப்பா மெதுவாக அவர் தோளைத் தொட்டார். "ஏனுங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? ஒரு எடத்துலயும் கம்ப்ரஸர் திணறவே இல்லீங்க." அவர்கள் இரண்டு பேரும் அதன்பிறகு ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

யோசித்தால், அவர் கேலி செய்யவில்லை. நமக்கு ரிக் என்றால் தண்ணீர், ரோலர் என்றால் ரோடு, கிரேன் என்றால் பாலம். வந்த காரியம் முடிந்ததா என்றுதான் பார்க்கிறோம். காரியம் நடக்கிற விதத்தைப் பார்க்க ஊரில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார்.

2019 மே மாதம், ஜேசிபி தோண்டுவதைக் கூட்டம் கூடிப் பார்க்கிற படங்கள் நாடு முழுக்கக் கேலியாகச் சுற்றின. எனக்கும் வந்தது. காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நல்ல கூட்டம். இதுல சிரிக்க என்ன இருக்குது?" இத்தாலியில் போலோன்யா என்கிற ஊரில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டட வேலையை வேடிக்கை பார்க்கிற பெரியவர்களுக்கு 'உமரெல்' என்று தனிப்பெயரே உண்டு என்று இன்னொரு நாள் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். "அங்க என்ன மெஷின் ஓட்டறாங்களாம்?" என்றார்.

மகள் வீட்டுக்குச் சென்னை போனவர், மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். மெட்ரோ வேலையில் சுரங்கம் தோண்டுகிற மெஷின்களுக்கு நீலகிரி, மயில், பெலிகன் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து ஆசையாகப் போயிருக்கிறார். சுற்றிலும் தகரத் தடுப்பு. "மயிலுன்னு பேரு வெச்சுப் பூமிக்குள்ள உட்டுட்டாங்க. யாரு பாக்கறது?" தகரத்தில் இருந்த ஆணி ஓட்டை வழியாக அரைமணி நேரம் பார்த்ததில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் மட்டும் தெரிந்ததாம்.

போன வருடம் எங்கள் தெருவுக்கே மழைநீர் வடிகால் வந்தது. பெரியப்பாவுக்கு வயது பத்துக் குறைந்தது. ஆபரேட்டர் அரூர்ப் பக்கத்துப் பையன், இருபத்திநாலு வயதிருக்கும். முதல் நாளே தம்பி, அய்யா என்று உறவாகிவிட்டது. காலை ஆறரைக்கு அவனுக்கு ஒரு டீ, பத்தரைக்கு ஒரு டீ, இரண்டு வடை. சொந்த மருமகனுக்கு இந்த மரியாதை நடந்ததில்லை.

அந்தப் பையனுடைய கையை எனக்கும் ஒருநாள் காட்டினார். பள்ளத்தின் குறுக்கே பழைய குடிநீர்க் குழாய் போகிறது. உடைத்தால் தெருவுக்கு நாலு நாள் தண்ணீர் கிடையாது. பையன் சீட்டைப் பின்பக்கம் திருப்பிப்போட்டு, வண்டியின் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி நிறுத்தினான். இரண்டு லீவர்களும் அவன் விரல் நுனியில். ஏழெட்டு டன் வண்டி. அதன் பக்கெட் பல் குழாயின் முதுகில் மெல்ல உட்கார்ந்து, மண்ணை மட்டும் வருடிக்கொண்டு வந்தது. பாட்டி பனங்கிழங்குக்குத் தும்பு உரிப்பாளே, அந்தப் பக்குவம். இரண்டு வருடலில் குழாய் கழுவிவிட்டதுபோல வெளியே தெரிந்தது. ஒரு கீறல் இல்லை. பையன் வாயில் போட்டிருந்த மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான். பெரியப்பா என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த விரல்கள் தாளம் போட்டதைப் பார்த்தேன்.

"ஒரு தடவ ஏறி உக்காருங்க அய்யா" என்றான் பையன்.

பெரியப்பா பதறி இரண்டடி பின்னால் போனார். "வேண்டாஞ்சாமி. கச்சேரி கேக்கப் போனவன் மேடை ஏறலாமா?"

இப்போது படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோடு போடப் போட உயரும், வீடு பள்ளத்துக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டு, பெரியப்பா வீட்டைத் தரையிலிருந்து நாலடி உயரத்தில் கட்டியவர். ஆறு படி, காங்கிரீட்டில் ஒரே வார்ப்பு. தினமும் மூன்றாவது படியில் உட்கார்ந்துதான் பேப்பருக்குச் சிவப்புக் கோடு போடுவார். வடிகால் வேலை எங்கள் வரிசைக்கு வந்தபோது அந்த மூன்றாவது படியில் நகராட்சி ஆள் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். அதற்குக் கீழே இருக்கிறதெல்லாம் ஆக்கிரமிப்பு.

மறுநாள் காலை தெருவில் ஒரே ரகளை. வீட்டுக்கு வீடு படி, திண்ணை, சாய்வுதளம். ஒருவர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருகிறார், ஒருவர் எம்எல்ஏ வீட்டுக்குப் போன் போடுகிறார். மெஷின் பெரியப்பா வீட்டு வாசலில் வந்து நின்றது. பையன் இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஆறரை மணி டீ அப்போதுதான் குடித்து முடித்திருந்தான்.

"அய்யா... உங்க படி..."

பெரியப்பா படியைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பிறகு பள்ளத்தின் ஓரம் போய்த் தன் வழக்கமான இடத்தில் நின்று கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டார்.

"மேல தட்டாத தம்பி. தட்டுனா நொறுங்கிப்போயி அசிங்கமா நிக்கும். அடியில பல்லைக் குடுத்து நெம்பு. ஒரே துண்டா வரும்."

தெருச் சண்டை அப்படியே நின்றது. பக்கெட் பல் முதல் படியின் அடியில் நுழைந்தது. வண்டி ஒரு முக்கு முக்கியது. நகராட்சி சொன்னதென்னவோ மூன்று படி. ஒரே வார்ப்பு அல்லவா, ஆறும் சேர்ந்து சுவரிலிருந்து பல் பிடுங்கியதுபோலக் கழன்று, ஒரு சில்லுகூட உதிராமல் மேலே எழும்பியது. பையன் அதை அந்தரத்தில் ஒரு கணம் நிறுத்தி, டிப்பரில் பூப்போல இறக்கினான்.

"பாத்தீங்களா!" என்றார் பெரியப்பா, பத்திரத்தோடு நின்றவரிடம்.

பெரியம்மா வாசற்படியில் வந்து நின்றாள். அவளுக்குக் கீழே நாலடிக்கு ஒன்றும் இல்லை, அதற்கு முன்னால் புது வடிகால். கொஞ்ச நேரம் பள்ளத்தையும் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லாஞ் செரிங்க. இனி ஊட்டுக்குள்ள எப்படி வருவீங்க?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. ஏணி கொண்டுவரலாம் என்றார் ஒருவர். கயிறு என்றார் இன்னொருவர். பையன் சீட்டை முன்பக்கம் திருப்பிப்போட்டு, முன் பக்கெட்டைத் தரையோடு தரையாக இறக்கி, பெரியப்பாவின் காலடியில் கொண்டுவந்து வைத்தான்.

பெரியப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். பக்கெட்டில் ஏறி நின்று, வழக்கம்போல இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டார். வண்டி உறுமியது. தெரு மொத்தமும் அண்ணாந்து பார்க்க, அவர் மட்டும் திரும்பிக் கீழே சக்கரம் பள்ளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனார்.

"வரலாம்... வரலாம்... மெதுவா... ஹோல்டான்!"