கந்தப்பளை லயங்களில் பேன் பார்த்தல்: ஓர் உடல்நல ஆய்வு

பேன் பார்த்தல் எனப்படுவது, ஒருவர் தம் தலையை இன்னொருவரின் முழங்கால்களுக்கிடையே ஒப்படைத்துவிட்டு, வெயில் சாயும்வரை அதனைத் திரும்பக் கேளாதிருக்கும் சமூக நடைமுறையாகும். ஏறத்தாழ 6,300 அடி உயரத்திலுள்ள கந்தப்பளையின் தேயிலைத் தோட்டங்களில், ஞாயிற்றுக்கிழமை வெயில் இஸ்தோப்பை, அதாவது லயக் காம்பராவின் முன்திண்ணையை, எட்டிப்பார்க்கும் வேளையே இதற்கு உகந்ததாகக் கருதப்படுகிறது. மேற்படியில் பாட்டி, அடுத்ததில் மகள், அதற்கும் கீழே பேத்தி என அமரும் அவ்வரிசை, 1940களில் கைவிடப்பட்ட ராகலைச் சின்ன ரயிலை ஒத்திருப்பினும், இதில் எஞ்சின் எப்போதும் கடைசியிலேயே இருக்கும்.

தொழிற்கருவி பற்றி ஐயமில்லை. வாரம் முழுதும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்களுக்கு, இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள பேனோ, மயிரடியில் ஒட்டிய அதன் முட்டையாகிய ஈரோ பெரிய சவாலன்று. ஆய்வாளர் கவனிக்கவேண்டியது தலையையே. கொழுந்துக் கூடையின் கயிற்றை வாரம் முழுதும் தாங்கிய அதே தலைதான், ஞாயிறன்று முதன்முறையாகப் பாரமற்ற ஒன்றின் தொடுகையைப் பெறுகிறது.

இதனால் விளையும் நன்மைக்கு நரம்பியல் சான்றுண்டு. மயிருள்ள தோலில், வலியையோ அழுத்தத்தையோ அன்றி, மென்மையான வருடலையே சிறப்பாக உணரும் மெல்லிய நரம்பிழைகள் உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரையிலான வேகத்தில் தடவும்போதே அவை மிகுதியாகத் துலங்குகின்றன. கொழுந்தெடுக்கும் வேகத்தில் தலையை வருடினால் அவை பொருட்படுத்தா; நிறுவைக்கு அஞ்சவேண்டாத ஞாயிற்றுக்கிழமை வேகம் மட்டுமே அவற்றுக்கு ஏற்புடையது. மேலும், 1989இல் வெளியான ஆய்வொன்று, மற்றொன்றால் உரோமம் நீவப்பெறும் குரங்கின் உடலில், வலி தணிக்கும் இயற்கைச் சுரப்பான எண்டோர்பின் மிகுவதைக் காட்டிற்று. இலங்கைக்கே உரிய செங்குரங்கும் தன் இனத்தாருக்கு நாள்தோறும் இப்பணி செய்வதால், மனிதர் இதனை வாரத்துக்கொரு முறையாகச் சுருக்கிக்கொண்டதை முன்னேற்றம் என்பதா என்பது விவாதத்துக்குரியது.

எனினும் வார இடைவெளியிலும் ஒரு நுட்பம் உண்டு. ஈர் ஏழு முதல் பத்து நாள்களில் பொரிவதாலும், பொரிந்தது முட்டையிடும் பருவத்தை எய்த மேலும் ஒரு வாரத்துக்கு மேலாவதாலும், ஞாயிறுதோறும் நடக்கும் தேடலுக்கு அது தப்புவது அரிது. தோட்டத்துக்கு ஞாயிற்றை விடுமுறையாக்கிய துரைமார் இதைக் கணித்திருப்பர் என்பதற்கு ஆதாரமில்லை. மறுபுறம், பேன் தலையோடு தலை உரசுவதால் பரவுவது. பேத்தி பாட்டியின் தோளில் சாய்ந்து தூங்கிவிடும்போது அடுத்த ஞாயிற்றுக்கான வேலையும் அங்கேயே உறுதியாகிவிடுகிறது.

பேனே இல்லாத தலைகளும் இவ்வரிசையில் இடம்பெறுவது ஆய்வின் பெருஞ்சிக்கலாகும். ஷாம்பு போட்டு வந்த தலையாயினும் “கொஞ்சம் பாருங்களேன் அக்கா” என்று நீட்டப்படுகிறது. எழ முயலும்போதெல்லாம் “ஒன்னு ஓடுது, ஆடாம இரு புள்ள” என்ற அறிவிப்பு மேற்படியிலிருந்து வருகிறது. ஓடியதைக் காட்டும்படி கேட்கும் உரிமை தலைக்குரியவருக்கு வழங்கப்படவில்லை.