கேள்வி கேட்டவருக்கு ஆயிரம் டாலர்

இயற்பியலின் தத்துவத்தையும் வரலாற்றையும் ஆராயும் இளையவர்களுக்கு ஒரு பரிசு உண்டு. ஜேம்ஸ் குஷிங் நினைவுப் பரிசு. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் தருகிறது. ஆயிரம் டாலர், கூடவே ஒரு சொற்பொழிவுக்கு அழைப்பு. யானைப் பசிக்குச் சோளப்பொரியா என்று முணுமுணுக்காதீர்கள். குவாண்டம் இயற்பியலின் அடிப்படையைத் தோண்டிய இளையவர்களுக்கு முன்பு நடந்த உபசாரத்தைப் பார்த்தால் இது கல்யாண விருந்து.

இயற்பியலாளர் டேவிட் போமை எடுத்துக்கொள்ளுங்கள். கம்யூனிஸ்ட் வேட்டையாடிய நாடாளுமன்றக் குழுவிடம் சகாக்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தார்; கைதானார். 1951இல் நீதிமன்றம் விடுவித்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமோ அவரை வேலையிலிருந்தே விடுவித்தது! பிழைக்க பிரேசில் போனால், அங்கே அமெரிக்கத் துணைத் தூதரகம் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது. குவாண்டம் இயற்பியலை வேறு விதமாகவும் விளக்கலாம் என்ற அவருடைய கட்டுரைகள் 1952இல் வெளிவந்தன. பெரிய மனிதர்களில் பலருக்கு அவற்றை மறுத்து எழுதக்கூட மனம் வரவில்லை.

அதே பிரின்ஸ்டனில் 1957இல் ஆய்வேடு முடித்த ஹியூ எவரெட் கொடுத்துவைத்தவர். பட்டம் வாங்கும் முன்பே பெண்டகனில் வேலை. அணு ஆயுதப் போர் மூண்டால் கதிரியக்கத் தூசி எங்கெங்கே படியும், எத்தனை பேர் சாவார்கள் என்ற கணக்கு. உலகம் பலவாகக் கிளைக்கிறது என்று ஆய்வேட்டில் சொன்னால் கிறுக்கன். இருக்கிற ஒரே உலகத்தைச் சாம்பலாக்கக் கணக்குப் போட்டால் சம்பளம்.

குவாண்டம் இயற்பியலுக்கு வேறு விளக்கம் சாத்தியமில்லை என்ற ஃபான் நாய்மனின் நிரூபணத்தில் கிரேட்டே ஹெர்மன் 1935இலேயே ஓட்டையைக் காட்டினார். நாய்மன் மேதை, ஹெர்மனோ பெண், அதிலும் தத்துவக்காரி. முப்பது வருடம் யாருக்கும் காது கேட்கவில்லை. குவாண்டம் இயற்பியலின் அடிப்படையை உரசிப் பார்க்க ஜான் கிளவுசர் 1972இல் செய்த சோதனைக்கு 2022இல் நோபல் வந்தது. நடுவில் ஐம்பது வருடம், நிரந்தரப் பேராசிரியர் நாற்காலி ஒன்றுகூட அவருக்குக் காலியாகவில்லை. என்ன நெரிசலோ!

பரிசுக்குப் பெயர் தந்த குஷிங்குக்கு இதில் பெரும்பகுதி தெரியும். வழக்கமான விளக்கத்தைத் தந்த நீல்ஸ் போரின் கட்சி வென்றதற்குக் காரணம் சான்று மட்டுமல்ல, முந்திக்கொண்டதும்தான். வரலாறு கொஞ்சம் திரும்பியிருந்தால் போமின் விளக்கமே பாடப்புத்தகத்தில் இருந்திருக்கும் என்று 1994இல் ஒரு புத்தகமே எழுதினார். 2002இல் போய்ச் சேர்ந்தார். வெற்றியே பாதி தற்செயல் என்றவர் பெயரில் இப்போது வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு உட்காருகிறது.

கைதட்டல் ஓய்ந்ததும் பரிசு வாங்கியவர் அறைக்குத் திரும்பி மடிக்கணினியைத் திறப்பார். விருதுகள் என்ற தலைப்பின் கீழே ஒரு வரி கூடும். இரண்டு வருட ஒப்பந்தம் முடியப்போகிறது. அடுத்த விண்ணப்பத்துக்குக் கெடு இன்று ராத்திரி பன்னிரண்டு மணி.