கோதுமையும் நாவலும்

அமெரிக்க இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வாங்க நினைத்த நம்மூர் ஆங்கில வாத்தியார்களுக்கு அந்தக் காலத்தில் அமெரிக்கா ஹைதராபாத்தில் இருந்தது. 1964-இல் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் அமெரிக்க ஆய்வு மையம் தொடங்கியது. அதன் நூலகத்தை நம்பி நாடெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் பெட்டி படுக்கையோடு ரயிலேறினார்கள். பகலில் மெல்வில்லின் திமிங்கிலம்; மாலையில் இரானி சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும். ஆய்வேட்டின் நன்றியுரையில் பிஸ்கட்டுக்கு மட்டும் இடம் கிடைத்திருக்காது.

அதே அறுபதுகளில் எதிர்த்திசையிலும் சரக்குப் போனது. பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை வாங்கி, விலையை ரூபாயில் கட்டினோம். 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்த ரூபாயிலேயே இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்களும் கப்பலேறின. நாம் சப்பாத்தி தின்று ஏப்பம் விட்டோம்; அவர்கள் நம் நாவல்களுக்கு அட்டவணை எண் போட்டு அடுக்கி வைத்தார்கள்.

ஆக, ஃபாக்னரைப் படிக்க ஹைதராபாத். பழைய தமிழ் நாவலைத் தேடினால் சிகாகோ. உள்ளூர்க் கல்லூரி நூலகத்தில் என்னதான் இருக்கிறது என்கிறீர்களா? பூட்டிய கண்ணாடி பீரோ இருக்கிறது. சாவி, லீவில் போனவரிடம் இருக்கிறது. புத்தகம் தொலைந்தால் பழி நூலகர் தலையில் விழும். யாரும் படிக்காமல் செல்லரித்தால் எவர் தலையிலும் விழாது.

எனவே வாசகர்களே, முதலில் அந்தச் சாவியைக் கேளுங்கள். அதற்கு விசா வேண்டியதில்லை.