ஊசி போடாத டாக்டர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெடிக்கல் பயோடெக்னாலஜி பற்றியே. அரசியல் கேள்வி கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்தருள்க.

கேள்வி: பையன் நீட்டில் கோட்டை விட்டுவிட்டான். மெடிக்கல் பயோடெக்னாலஜியில் சேர்த்தால் பிற்பாடு டாக்டராக வழி உண்டா?
– ஒரு தந்தை, விருத்தாசலம்

பதில்: கல்யாண மண்டபத்துக்குள் சமையற்கட்டு வழியாக நுழைந்தால் சாப்பாடு கிடைக்கும், மணமேடை கிடைக்காது. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நோயாளிக்கு வைத்தியம் பார்க்க முடியாது, மருந்துச் சீட்டு எழுத முடியாது. எம்.பி.பி.எஸ்.தான் வேண்டுமென்றால் மறுபடியும் நீட்தான். ஆசையை ஒளித்து வைத்துக்கொண்டு இங்கே சேர்த்தால் மூன்று வருடமும் பையன் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆனால் சமையற்கட்டு மட்டமான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் இன்சுலின் என்று சீட்டில் எழுதுகிறார். அது எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் இறைச்சிக் கூடங்களிலிருந்து பன்றி, மாட்டுக் கணையங்களை டன் கணக்கில் வாங்கி அரைத்து எடுத்தார்கள். 1978-ல் அமெரிக்காவில் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே இன்சுலின் செய்ய வைத்தார்கள். நம் குடலில் வாடகை தராமல் குடியிருக்கிற அதே இனம்தான். 1982-ல் அது மருந்துக் கடைக்கு வந்தது. உங்கள் பையன் படிக்கப்போவது இந்தக் கைவேலையை.

கேள்வி: டாக்டர் சீட் கிடைக்காமல் போய் இந்தத் துறையில் உருப்பட்டவர்கள் யாராவது உண்டா?
– நம்பிக்கை இழந்தவன், கோவில்பட்டி

பதில்: கிரண் மஜும்தார் ஷா. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார், உதவித்தொகை கிடைக்கவில்லை. விலங்கியல் படித்தார். பிறகு ஆஸ்திரேலியா போய் பீர் காய்ச்சப் படித்தார். ஆமாம், பீர்தான். திரும்பி வந்தால், பெண்ணுக்கு பீர் ஆலையில் பொறுப்பான வேலை தர இங்கே யாருக்கும் மனசு வரவில்லை. 1978-ல் பெங்களூருவில் வாடகை வீட்டுக் கார் ஷெட்டில் பயோகானை ஆரம்பித்தார். முதலில் தயாரித்தவற்றில் ஒன்று பப்பெயின். கறி சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடுகிறோமே, அந்த வேலையைச் செய்கிற சரக்கு அதுதான். பப்பாளியில் ஆரம்பித்த அந்தக் கம்பெனி இன்றைக்கு இன்சுலின் விற்கிறது. நம்பிக்கையை எங்கே தொலைத்தீர்களோ அங்கேயே தேடுங்கள், கிடைக்கும்.

கேள்வி: உயிரியல் பிடிக்கும், கணக்கு ஆகாது. பி.எஸ்ஸி.யா, பி.டெக்.கா?
– ஒரு மாணவர், ஓசூர்

பதில்: பி.எஸ்ஸி. மூன்று வருடம், பி.டெக். நான்கு. பி.டெக்.கில் அந்த ஒரு வருடத்தோடு கணக்கும் கூடவே வரும். பத்தாயிரம் லிட்டர் தொட்டியில் வளர்கிற பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டாமல் எவ்வளவு காற்று தர வேண்டும், தொட்டிச் சூட்டை எப்படி வெளியேற்ற வேண்டும் என்பதெல்லாம் கணக்குதான். பி.எஸ்ஸி.க்குப் போனால் தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள், அங்கே புள்ளியியல் காத்திருக்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பட்டம் வாங்கியது இயற்பியலில். ஆராய்ந்தது செல்லுக்குள் புரதம் செய்கிற ரிபோசோமை. 2009-ல் நோபல் கிடைத்தது வேதியியலுக்கு. நம் பள்ளிக்கூட டைம்டேபிளைப் பார்த்து இயற்கை நடந்துகொள்வதில்லை.

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தேன். இந்தப் படிப்பில் வருகிற பெயர்களைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. சமாளிக்க முடியுமா?
– பிளஸ் டூ மாணவி, பெரம்பலூர்

பதில்: அம்மா, உங்களிடம் ஒரு ரகசியம் சொல்கிறேன். மைட்டோகாண்ட்ரியா இங்கிலீஷ் வார்த்தையே இல்லை. கிரேக்கத்திலிருந்து கட்டியது. மைட்டோஸ் என்றால் இழை, காண்ட்ரியான் என்றால் சிறு மணி. தமிழில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? இழைமணி. கான்வென்ட் பெண் பொருள் தெரியாமல் உருப்போடுவதைத் தமிழ்ப் பெயர் பொருளோடு சொல்லிவிடுகிறது. என்சைமும் அப்படித்தான். ஈஸ்டுக்குள் இருப்பது, புளிக்க வைப்பது என்ற அர்த்தத்தில் கிரேக்கத்திலிருந்து எடுத்தார்கள். நாம் நொதித்தலிலிருந்து நொதி என்று வைத்தோம். அதே யோசனை, நம் வாயில் நுழைகிற மாதிரி.

முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும், இல்லை என்று சொன்னால் பொய். வகுப்பில் சொல்வதில் பாதி புரியாமலே ஓடிப்போய்விடும், தேர்வில் விடை தெரிந்தும் வாக்கியம் வராது. ஒரு நாற்பது பக்க நோட்டை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் பள்ளியில் படித்த சொல், அந்தப் பக்கம் கல்லூரியில் வருகிற சொல் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். தீபாவளிக்குள் அந்தப் பேய் ஓடிவிடும்.

கேள்வி: எல்லாக் கல்லூரி விளம்பரத்திலும் வெள்ளைக் கோட்டும் நீலத் திரவமும்தான். நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– குழம்பிய அம்மா, தேனி

பதில்: விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். முதல்வர் அறையில் காப்பியும் குடிக்காதீர்கள். கேன்டீனுக்குப் போய் மூன்றாம் வருடப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, “ஜெல் நீயே லோடு பண்ணியிருக்கியா, கண்ணு?” என்று கேளுங்கள். “சார் செய்து காட்டினார், நாங்கள் முப்பது பேர் பார்த்தோம்” என்றால் அது தீபாராதனை, பிராக்டிகல் இல்லை.

கை பழகாமல் இந்தப் படிப்பு இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர். மைக்ரோபிபெட்டால் அதில் ஐம்பதில் ஒரு பங்கை எடுக்கச் சொல்வார்கள். பிபெட்டின் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள். முதல் நிறுத்தம் வரை அழுத்தி, திரவத்தில் வைத்து, மெதுவாக விட்டால் சரியான அளவு ஏறும். வெளியே விடும்போதுதான் இரண்டாவது நிறுத்தம். புதுசாக வருகிறவர்கள் எடுக்கும்போதே இரண்டாவது வரை அழுத்திவிடுவார்கள், அளவு கூடிவிடும். இந்த வித்தியாசம் கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும், மூளைக்குத் தெரிந்து பிரயோஜனமில்லை.

நான் முதல் தடவை ஜெல் லோடு செய்த கதை: ஜெல் என்பது ஏறக்குறைய நம் கடல்பாசி அல்வா, சர்க்கரை போடாமல். அதன் ஒரு ஓரத்தில் சின்னச் சின்னக் குழிகள். நீலச் சாயம் கலந்த டி.என்.ஏ.யைக் குழியில் இறக்க வேண்டும். கை நடுங்கி, பிபெட் முனையால் குழியின் அடியைக் குத்தி ஓட்டை போட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் மின்சாரம் ஓடி, புற ஊதா விளக்கைப் போட்டால், அளவு பார்க்க ஓரத்தில் விடுகிற லேடர் மட்டும் ஜொலிக்கிறது. பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டு, “லேடர் ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றார். லேடர் கம்பெனியிலிருந்து வாங்கியது.

இன்னொன்று, ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். நான் படித்த இடத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போய், மைனஸ் இருபது டிகிரி ஃப்ரீசரில் இருந்த நொதிகள் மொத்தமும் விடிவதற்குள் சிவலோகப் பிராப்தி அடைந்தன. புதுசு வரும் வரை மூன்று மாதம் கரும்பலகையிலேயே டி.என்.ஏ.யை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம்.

கேள்வி: என் அண்ணன் பயோடெக் படித்துவிட்டு மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறான். அதுவும் இந்தத் துறைதானா?
– தங்கை, தாம்பரம்

பதில்: பெயரில் மெடிக்கல் இருக்கிறது, கோடிங்கும் இருக்கிறது, இரண்டுமே அது இல்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை இன்ஷூரன்ஸ் பில்லுக்காகப் போடுகிற வேலை. அங்கே எல்லாவற்றுக்கும் எண் உண்டு. வாத்து கடித்தால் டபிள்யூ 61.61, வாத்து இடித்தால் டபிள்யூ 61.62. உங்கள் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், மனப்பாடமாகச் சொன்னாலும் சொல்வார்.

கௌரவமான வேலை, மாதாமாதம் சம்பளம் வருகிறது, எத்தனையோ வீட்டுக் கடனை அடைத்திருக்கிறது. ஆனால் அதற்கு மரபணு வெட்டப் படித்திருக்க வேண்டியதில்லை. நர்சிங், பார்மசி, விலங்கியல் படித்தவர்களும் அதே நாற்காலியில் இருக்கிறார்கள். தடுப்பூசி, உயிரி மருந்துத் தொழிற்சாலைகள், கருத்தரிப்பு மையங்களின் ஆய்வகம், மரபணுப் பரிசோதனை என்று துறைக்குள்ளேயே வேலை வேண்டுமென்றால், இளநிலைப் பட்டம் பாதி டிக்கெட்தான். ஹைதராபாத்துக்கோ பெங்களூருவுக்கோ பெட்டி கட்டவும் தயாராக இருக்க வேண்டும். சேரும்போது இதைச் சொல்லாத கல்லூரிகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எம்.எஸ்ஸி. படிக்க கேட்-பி, ஜாம் மாதிரி நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. அதற்கப்புறம் நெட் தேறி ஆராய்ச்சிக்குப் போனால் 2023 முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். மாதம் என்பது எத்தனை நாள் என்று மட்டும் ஆராய்ச்சி மாணவர்களிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: பி.எச்டி. முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாம் அல்லவா?
– ஆசைக்காரர், ஆம்பூர்

பதில்: தாராளமாக. அன்றிலிருந்து தெருவில் உள்ள அத்தனை பாட்டிகளும் முட்டி வலிக்கு மாத்திரை கேட்பார்கள். “நான் அந்த டாக்டர் இல்லை, பாட்டி” என்றால், “அப்ப எதுக்குடா அத்தனை வருஷம் படிச்சே?” என்பார்கள். இதற்குப் பதில் கண்டுபிடித்தவர் இன்னும் ஆய்வறிக்கை வெளியிடவில்லை.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி. நம் ஊரில் என்ன நடக்கிறது?
– சந்தேகப் பேர்வழி, ஆற்காடு

பதில்: உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்தார்கள். நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, அவர்களிடம் பழுதாகியிருந்த மரபணுவின் சரியான பிரதியை ஏற்றி, திரும்ப உடம்புக்குள் செலுத்தினார்கள். ஏற்றிச் சென்ற வண்டி, எச்.ஐ.வி. குடும்பத்து வைரஸ் ஒன்று, பல் பிடுங்கப்பட்டது. 2024-ல் முடிவுகள் உலகின் முன்னணி மருத்துவ இதழில் வந்தன. அடிக்கடி ரத்தம் கசிந்துகொண்டிருந்தவர்களுக்கு சிகிச்சைக்குப் பிறகு கசிவு நின்றிருந்தது. சந்தேகம் நல்ல குணம். பஸ் கட்டணம் செலவழித்துச் சந்தேகப்பட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எனக்கு இந்தப் படிப்பு ஒத்து வருமா?
– அவசரக்காரன், அருப்புக்கோட்டை

பதில்: தம்பி, இன்று ராத்திரியே வீட்டில் தயிருக்கு உறை ஊற்று. பால் எவ்வளவு, கை பொறுக்கும் சூடா, உறைமோர் எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு, எல்லாவற்றையும் நோட்டில் எழுது. மறுநாள் ஒன்றை மட்டும் மாற்று. இப்படி ஏழு நாள். நாலாம் நாள் சலித்துவிட்டால் பி.காம். இருக்கிறது, குறைவான படிப்பு இல்லை. செவ்வாய்க்கிழமைத் தயிர் மட்டும் ஏன் நூல் விட்டது என்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டால் விண்ணப்பம் வாங்கிவிடு. அந்த நோட்டை எனக்கும் அனுப்பு. எங்கள் வீட்டுத் தயிரும் சில நாளாகச் சரியில்லை.