ஜாக்கெட் பிட்டின் திசைவழி: நவராத்திரிச் சுற்றோட்டம் குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

எண்பது சென்டிமீட்டர் நீளமுள்ள, யாருக்கும் தைக்கப் போதாத, எந்தச் சேலைக்கும் ஒத்துப்போகாத துணி ஒன்று தமிழ்நாட்டு வீடுகளுக்கிடையே ஆண்டுதோறும் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு வாழைப்பழம் ஆகியவற்றின் துணையோடு பயணிக்கும் இதற்கு ஜாக்கெட் பிட் என்று பெயர். சோழர் காலத்து வரிகள் பற்றி ஆய்வு உண்டு. சங்க காலத்து உப்பு வணிகம் பற்றியும் உண்டு. புரட்டாசியில் ஒன்பது இரவுகள் நம் மாடிப்படிகளில் ஏறி இறங்கும் இந்தச் சரக்குப் போக்குவரத்தைப் பற்றி மட்டும் அறிஞர்கள் வாய் திறப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க முற்படுகிறது இக்கட்டுரை. களம்: மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்ககம். தலைமைத் தகவலாளி: என் மாமியார். ஆய்வு நிதி: சுண்டல்.

முதலில் பொருளின் இயல்பு. தரவரிசையில் டூ பை டூ ரூபியா உச்சியில் இருக்கிறது, பாப்ளின் அடியில். நடுவில் கடையில் மொடமொடவென்று இருந்து, ஒரு தடவை நனைத்ததும் துவண்டுபோகும் கலப்பு ரகங்கள். நிறங்களில் அரக்கு, ராமர் பச்சை, கத்திரிப்பூ, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள் ஆகியவை பரம்பரையாக வருபவை. ஆனால் இந்தத் துணியின் தலைவிதியை எழுதியது அதன் நீளம். குட்டைக் கை வைத்துத் தைத்த காலத்தில் எண்பது சென்டிமீட்டர் ஒருத்திக்குப் போதுமானதாக இருந்தது. முழங்கை வரை கை, முதுகில் நாடா, நாடாவின் நுனியில் குஞ்சம் என்று ஆன பிறகு, ஒரு மீட்டருக்குக் குறைந்த துணியைப் பார்த்தால் தையல்காரர் கழுத்தில் கிடக்கும் டேப்பைத் தொடுவதுகூட இல்லை. போதாக்குறைக்கு, சேலையின் கடைசியிலேயே ஜாக்கெட் துணியையும் சேர்த்து நெய்து விற்க ஆரம்பித்தார்கள். தனி பிட்டுக்கு இருந்த ஒரே வேலையும் போயிற்று.

1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன், வெளிநாட்டு அரசுகள் டாலரைக் கொண்டுவந்தால் தங்கம் தரும் ஏற்பாட்டை நிறுத்தினார். அதன் பிறகு டாலர் தன் பெயரை மட்டும் நம்பி ஓடுகிறது. சேலையோடு ஜாக்கெட் ஒட்டிக்கொண்டதும் ஜாக்கெட் பிட்டுக்கு அதுவே நேர்ந்தது. தைக்கலாம் என்ற உத்தரவாதம் நீங்கி, கொடுக்கலாம் என்ற ஒன்று மட்டும் மிஞ்சியது. இனி இதை யார் சீந்துவார்கள் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். தைக்க வேண்டிய கடமை தொலைந்ததால் பிட் முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கியது.

ஒன்றுக்கும் உதவாத பொருள் ஊர் சுற்றுவது மனித குலத்தில் இது முதல் தடவை அல்ல. மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினிக்குக் கிழக்கே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கினார். அங்கே நடந்த குலா என்னும் பரிமாற்றச் சுற்றை 1922-ல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார். சிவப்புச் சிப்பி மாலைகள் கடிகாரச் சுற்றில் தீவுக்குத் தீவு போகும். வெண்மையான சங்கு வளைகள் எதிர்ச்சுற்றில் வரும். எவரும் எதையும் நெடுநாள் வைத்துக்கொள்ளக் கூடாது, வைத்துக்கொண்டால் கஞ்சன் என்று பெயர் கெடும். இதற்காக ஆண்கள் தோணி கட்டி, மந்திரம் ஓதி, கடல் தாண்டிப் போனார்கள். அந்த வளைகளில் மிகப் பெரும்பாலானவை சிறுவர் சிறுமியர் கைக்குக்கூட நுழையாத அளவு சின்னவை என்றும் மாலினோவ்ஸ்கி குறித்திருக்கிறார்.

இந்த இடத்தை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு வியப்பு எதுவும் ஏற்படவில்லை.

“அங்கேயும் எண்பது சென்டிமீட்டர்தான்” என்றார்.

மாம்பலச் சுற்றுக்கும் தீவுச் சுற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குலாவில் புகழ்பெற்ற மாலை ஒன்று சில ஆண்டுகள் கழித்துப் பழைய கைக்கே வந்து சேர்ந்தால் அது கொண்டாட்டம். இங்கே அப்படி வந்து சேர்ந்தால் அது குற்றம். கொடுத்தவளுக்கே அவள் கொடுத்ததைக் கொடுத்துவிடுவதைவிடப் பெரிய பாவம் இத்துறையில் கிடையாது. அதைத் தவிர்க்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பதிவேட்டு முறை வளர்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் அட்டையின் அடி மூலையில் பென்சிலால் எழுதும் வழக்கம். ‘சி.மா.’ என்றால் சிட்லபாக்கம் மாமி. ‘வ.வே.’ என்றால் வளைகாப்பில் வந்தது, ஆனால் வேண்டாதவர் கொடுத்தது. நட்சத்திரக் குறி இருந்தால் சாயம் போகும். பேனாவால் எழுதக் கூடாது. கொடுப்பதற்கு முன் ரப்பர் வைத்து அழித்தாக வேண்டும். அழிக்க மறந்ததால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் இரண்டு தெரு தள்ளி இருக்கின்றன.

பதிவேடு என்பது என்னைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்குத்தான். மாமியார் எதையும் பார்ப்பதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே கணக்குத் தொடங்கிவிடும்.

“அந்தக் கத்திரிப்பூவை எடுத்துண்டு வா. இரு இரு, வேண்டாம். அது இவளோட நாத்தனார் குடுத்தது.”

“ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையேம்மா.”

“பேசலைன்னா என்ன? பீரோ ஒண்ணுதானே.”

கடன், வரவு, உறவு, பகை, பீரோ என்று ஐந்து மாறிகள் கொண்ட சமன்பாட்டை, வந்தவர் கொலுப் படி முன்னால் பாடி முடிப்பதற்குள் தீர்க்க வேண்டும். வந்தவர் நீளமாகப் பாடினால் நமக்கு நல்லது.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், கொடை பற்றி 1925-ல் எழுதிய கட்டுரையில் மூன்று கடமைகளைச் சொன்னார்: கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் மேற்கு மாம்பலம் வந்திருந்தால் நான்காவதையும் சேர்த்திருப்பார். ‘எதுக்கு மாமி இதெல்லாம்’ என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது வலது கை மறுக்க வேண்டும், இடது தோளில் தொங்கும் பை திறந்திருக்க வேண்டும்.

இனி, கிரஷாம் விதி. மட்டமான நாணயம் நல்ல நாணயத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டும் என்பது 16ஆம் நூற்றாண்டு ஆங்கில வணிகர் தாமஸ் கிரஷாமின் பெயரால் வழங்கும் விதி. வெள்ளி குறைந்த காசைக் கடையில் தள்ளிவிட்டு, நல்ல காசைப் பெட்டியில் பூட்டுகிற புத்தி எல்லா நாட்டுக்கும் பொது. நல்ல ரூபியா பிட் கிடைத்தால் அது பீரோவின் கீழ்த்தட்டுக்குப் போகிறது. வெளியே சுற்றுவது எஞ்சியவை. எங்கள் வட்டாரத்தில் ஓர் அரக்கு நிற பிட் இருக்கிறது. எந்தப் புண்ணியவதியோ ஒரு தடவை ஓரத்தை நனைத்துப் பார்த்திருக்கிறாள், அந்த மூலை மட்டும் ரோஜா நிறத்துக்கு வெளுத்திருக்கிறது. அந்த மூலை உள்ளே போகும்படி மடித்து அது இன்றும் பவனி வருகிறது. அதைவிட நல்ல பிட்டுகளெல்லாம் என்றோ ஓய்வு பெற்றுவிட்டன.

நவராத்திரியின் உடை ஒழுங்கையும் இங்கே தொட்டுச் செல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் போன ஆண்டு கட்டிக்கொண்டு போன பட்டை இந்த ஆண்டும் அதே வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். கொலு வைத்தவருக்குப் பொம்மையின் இடம் மறந்தாலும் வந்தவர் சேலையின் கரை மறக்காது. இதற்கு மேல், எந்த நாளுக்கு எந்த நிறம் என்ற பட்டியல் வேறு இப்போது மகாளய அமாவாசைக்கு முன்பே கைபேசிக்கு வந்துவிடுகிறது. எங்கள் பாட்டிமார் அறியாத பட்டியல். சாம்பல் நிறம் என்று ஒரு நாள் அறிவிக்கப்பட்டதும், சாம்பல் நிறத்தில் பட்டு எடுப்பது அபசகுனம் என்று வளர்ந்த தலைமுறை நடுங்கிப்போனது. கடைசியில் அன்று பலரும் வெள்ளிச் சரிகையைக் காட்டித் தப்பித்தார்கள். மேட்சிங் ஒழிந்து கான்ட்ராஸ்ட் ஜாக்கெட் நாகரிகமானபோது, மஞ்சள் சேலைக்குக் கத்திரிப்பூ, பச்சைக்கு வாடாமல்லி என்று அநாதை பிட்டுகளுக்கெல்லாம் வாழ்வு வரும் என்று நான் ஒரு கருதுகோளை முன்வைத்தேன். நீளம் போதவில்லை. கருதுகோள் விழுந்தது.

மாலினோவ்ஸ்கிக்கு ஒரு குறை இருந்தது. ஆண்கள் தோணியில் கொண்டுபோன வளைகளை அவர் விரட்டி விரட்டிக் குறித்துக்கொண்டார். அதே தீவில் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதில் அவர் கண் போதிய அளவு படவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஆனெட் வெய்னர் என்ற அமெரிக்கப் பெண் அங்கே போனார். காய்ந்த வாழையிலைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டியும் நாரில் பாவாடைகள் செய்தும், சாவுச் சடங்குகளின்போது பெண்கள் மலைபோலக் குவித்து உறவினருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதைப் பார்த்தார். வாழையிலைக் கட்டை உடுத்தவும் முடியாது, உண்ணவும் முடியாது. ஆனால் அதுதான் அங்கே பெண்களின் செல்வம், குலத்தின் மானமே அதில் இருந்தது. 1976-ல் அவர் எழுதிய நூல் மாலினோவ்ஸ்கி விட்ட பாதியை நிரப்பியது. வெய்னர் 1933-ல் பிறந்தவர். திருமணமாகிக் குழந்தைகளும் பிறந்த பிறகு கல்லூரிக்குப் போய், 1968-ல் பட்டம் வாங்கி, பிறகு அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் தலைவராகவும் ஆனவர். இந்தச் செய்தியை மாமியாரிடம் சொன்னபோது, குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார். நூலில் அது இல்லை.

வெய்னர் பிற்காலத்தில் இன்னொன்றும் எழுதினார். எதையெல்லாம் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது போதாது, எதைக் கொடுக்காமல் இருப்பதற்காக மற்றதையெல்லாம் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைப் படித்த பிறகுதான் எனக்குப் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து பார்க்கத் தோன்றியது.

ஊரெல்லாம் சுற்றும் பிட்டுகளைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினேன். கீழ்த்தட்டில் கிடப்பவை வேறு சாதி. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாகப் போய் இந்தத் தட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். எடுத்ததும் எல்லோரும் மறுத்தார்கள், பிறகு எல்லோரும் ஒவ்வொரு பிட்டாக எடுத்துக் காரணம் சொன்னார்கள். இது தையல் கத்துக்கிட்டா தைக்க. இது பாட்டு அரங்கேற்றம் நடந்தா போட்டுக்க, பத்து வருஷமா பாட்டு வகுப்புக்குப் போகலை, அது வேற விஷயம். இந்த மயில்கழுத்து, தனியா ஒரு தடவை காசிக்குப் போனா. ‘தனியா’ என்பதை அந்த அம்மாள் கூடத்தில் இருந்த கணவருக்குக் கேட்காதபடி சொன்னார். வெளியே போகும் பிட்டுகளின் அட்டையில் யார் கொடுத்தது என்று எழுதியிருக்கிறது. கீழ்த்தட்டு பிட்டுகளின் அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. அவற்றைத் திருப்பித் தர வேண்டிய ஆள் கிடையாது.

மாடி வீட்டு அக்காவின் கீழ்த்தட்டு இவற்றில் பெரியது. கல்யாணத்துக்கு முன்பே தையல் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். சீரோடு வந்த தையல் இயந்திரம் முதலில் தொலைக்காட்சிக்கு மேசையானது, தொலைக்காட்சி சுவருக்குப் போனதும் இஸ்திரிக்கு. ஆண்டு தவறாமல் சரஸ்வதி பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஓடாத இயந்திரத்துக்கு ஓய்வு கொடுக்கும் அந்தச் சடங்கைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள். விஜயதசமியன்று குழந்தைகளுக்கு அரிசியில் எழுத்து எழுதிக் கற்பிக்கத் தொடங்குவது நம் வழக்கம். ஒரு விஜயதசமியில் அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தரையில் இறக்கிவைத்து, பாபின் கேசில் எண்ணெய் விட்டு, கீழ்த்தட்டைக் காலி செய்தார். மறுபடி மடித்துவைக்க முடியாதபடி கத்திரி போட்டார். நம் ஆய்வுக் களத்தில் ஒரு பிட் சுற்றிலிருந்து நிரந்தரமாக வெளியேறியது எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை.

ஜாக்கெட்டுக்குப் போதாத நீளம் தாம்பூலப் பைக்குத் தாராளம். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசே மஞ்சப்பையை மீண்டும் எடுக்கச் சொன்னது. கல்யாணம், பூணூல், அறுபதாம் கல்யாணம் என்று துணிப்பை கேட்காத வீடு கிடையாது. பச்சைக்கு வாடாமல்லியில் கரை வைத்து, கத்திரிப்பூவுக்கு மாம்பழ மஞ்சளில் கைப்பிடி வைத்து அக்கா தைத்த பைகள் ஒரு நவராத்திரிக்குள் மூன்று தெரு தாண்டிவிட்டன. கீழ்த்தட்டுச் சரக்கு தீர்ந்ததும் அவர் சுற்றில் ஓடிக்கொண்டிருந்த பிட்டுகளையும் கேட்டு வாங்க ஆரம்பித்தார். எல்லோரும் மகிழ்ச்சியோடு தந்தார்கள். பென்சில் எழுத்தைக்கூட யாரும் அழிக்கவில்லை.

என் நாத்தனார் பிள்ளைக்குப் பூணூல் வந்தது. பைக்குச் சொல்ல மாமியாரும் நானும் மாடிக்குப் போனோம்.

“நூறு பை வேணும். என்ன ஆகும்?”

“ஒண்ணு முப்பத்தஞ்சு ரூபா மாமி. உங்களுக்கு முப்பது.”

மாமியார் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பையை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, தையலோரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இந்த ராமர் பச்சை நான் குடுத்ததுன்னா! நான் குடுத்த துணிக்கு நானே காசு குடுக்கணுமா?”

“துணி உங்களுதுதான் மாமி. தையல் என்னுது.”

மாமியார் பதில் சொல்லவில்லை. பையைத் திரும்பச் சரியாகப் புரட்டி மாட்டினார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, முன்பணம் எண்ணி மேசைமேல் வைத்தார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

“அரக்குலே மட்டும் தைச்சுடாதே. வெத்தலை ஈரம் பட்டா சாயம் போயிடும்.”